ஒரு மூளை ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியலை எப்படிப் படிப்பது?

மருத்துவக் கல்லூரி நூலகத்தில் எனக்கு இது இருபத்து மூன்றாவது வருடம். போன நவம்பரில், உளவியல் முதுகலை முடித்த ஒரு மாணவி என் மேஜைக்கு வந்தாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் ஐந்து பேராசிரியர்களின் பெயர்கள், பக்கத்தில் சைட்டேஷன் எண்ணிக்கை, அதாவது மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பது, அதற்குப் பக்கத்தில் ஹெச்-இன்டெக்ஸ். பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணுக்கு அழகாக வரிசைப்படுத்தியிருந்தாள். ஐந்து பேரும் காக்னிடிவ் நியூரோசயின்ஸ், அதாவது நினைவு, பார்வை, மொழி இவையெல்லாம் மூளையில் எப்படி நடக்கின்றன என்று ஆராய்பவர்கள்.

"மேடம், முதல்ல இருக்கறவருக்கே பிஎச்டிக்கு எழுதிடட்டுமா?" என்றாள்.

"உட்காரும்மா" என்றேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. அன்று அவளுக்குக் காட்டியதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவளுடைய ஐந்து பேரைத் தொடாமல், எல்லோருக்கும் தெரிந்த ஒருவரை வைத்துப் பழகினோம்: வி.எஸ். ராமச்சந்திரன். 1951-ல் தமிழ்நாட்டில் பிறந்து, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கேம்பிரிட்ஜில் பிஎச்டி முடித்து, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் பேராசிரியராக இருந்தவர். அவர் கட்டுரைகளில் பாராட்டும் உண்டு, கடுமையான மறுப்பும் உண்டு. பழக அப்படிப்பட்ட பட்டியல்தான் நல்லது.

முதலில் ஆள் அவர்தானா என்று பாருங்கள்

மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் தளமான பப்மெட்டைத் திறந்து, குடும்பப் பெயர் முன்னால், இனிஷியல் பின்னால் என்ற அவர்கள் முறைப்படி 'ராமச்சந்திரன் விஎஸ்' என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன். வந்த பட்டியலில் பார்வை, இழந்த பிறகும் இருப்பது போலத் தோன்றும் 'இல்லாத கை', வண்ணங்கள் பற்றிய கட்டுரைகளோடு ரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, மரபணு என்று வேறு ஒரு கூட்டமும் இருந்தது. "மூளைக்காரர் ஏன் மேடம் பிரஷர் பத்தி எழுதறார்?" என்று கேட்டாள்.

அவர் எழுதவில்லை. அமெரிக்காவில் பிரேமிங்ஹாம் இதய ஆய்வில் முக்கியப் பொறுப்பில் இருந்த வாசன் எஸ். ராமச்சந்திரன் என்ற மருத்துவரும் 'ராமச்சந்திரன் விஎஸ்'தான். அவருடைய கட்டுரைகளில் பல 'வாசன் ஆர்எஸ்' என்றும் பதிவாகியிருக்கின்றன. மருத்துவ உலகில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்படுபவர்களில் அவரும் ஒருவர். இரண்டு பேரையும் தெரியாமல் ஒன்றாகக் கூட்டிவிட்டால் வரும் எண் யாருடையதும் இல்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1963-ல் புரதங்களுக்கான வரைபடத்தைக் கொடுத்த ஜி.என். ராமச்சந்திரனைத் தனியாகப் பிரிப்பது சுலபம், இனிஷியலே வேறு. இந்த இரண்டு விஎஸ்களைப் பிரிப்பதற்குத்தான் கவனம் வேண்டும்.

நம் பெயர்களுக்கு இந்தச் சிக்கல் எப்போதும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. இனிஷியலில் இருக்கும் அப்பா பெயரை ஒரு ஜர்னல் விரித்துக் குடும்பப் பெயராக்கிவிடும், அடுத்த ஜர்னல் நம் பெயரையே குடும்பப் பெயராக்கும். ஒரே ஆள் இரண்டு ஆளாகக் கணக்கில் நிற்பார்.

பிரிப்பதற்கு வழி இதுதான். பெயரோடு ஊரையோ கூட எழுதியவரையோ சேர்த்துத் தேடுங்கள். ராமச்சந்திரனுக்கு 'சான் டியாகோ' என்றும், கூட எழுதிய ரோஜர்ஸ்-ராமச்சந்திரன், ஹிர்ஸ்டீன், ஹப்பர்ட் என்ற பெயர்களையும் சேர்த்தோம். இதயக் கட்டுரைகள் விலகிவிட்டன. ஆய்வாளருக்கு ஆர்கிட் எண் இருந்தால் இந்த வேலை குறையும். 2012-ல் வந்த, பதினாறு இலக்கம் கொண்ட அடையாள எண் அது. ஆனால் மூத்த தலைமுறையினர் பலர் பழைய கட்டுரைகளை அதில் ஏற்றியிருக்க மாட்டார்கள்.

நீங்களே முதல் கட்டுரை எழுதப்போகிறீர்கள் என்றால், இன்றைக்கே பெயரை ஒரே வடிவத்தில் முடிவு செய்து, ஆர்கிட் எண் வாங்கிவிடுங்கள். இலவசம்தான், ஐந்து நிமிட வேலை. பத்து வருடம் கழித்து என்னைப் போன்ற ஒருவர் உங்களைத் தேடும்போது அதன் அருமை தெரியும்.

எண்களை எங்கிருந்து எடுப்பது

மேற்கோள்களை எண்ணும் தளங்கள் மூன்று: கூகுள் ஸ்காலர், ஸ்கோப்பஸ், வெப் ஆஃப் சயின்ஸ். ஒரே ஆளுக்கு மூன்றும் மூன்று எண் சொல்லும். ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (ஜர்னலில் வரும் முன்பே இணையத்தில் இடும் கட்டுரை), புத்தகம் எல்லாவற்றையும் எண்ணுவதால் அதன் எண்தான் பெரும்பாலும் பெரிது. மற்ற இரண்டும் தாங்கள் தேர்ந்தெடுத்த ஜர்னல்களை முக்கியமாக எண்ணும். ராமச்சந்திரன் 1998-ல் சாண்ட்ரா பிளேக்ஸ்லீயுடன் எழுதிய பொது வாசகர் புத்தகம் போன்றவை ஸ்காலரில் பெரிய எண்ணைக் கொண்டுவரும். ஆகவே இரண்டு பேரை ஒப்பிடும்போது இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து, ஒரே நாளில் எடுங்கள். மாணவியின் தாளில் மூன்று பேருக்கு ஸ்காலர், இரண்டு பேருக்கு ஸ்கோப்பஸ். அந்த வரிசை அங்கேயே உடைந்துவிட்டது.

ஹெச்-இன்டெக்ஸை ஒரு முறையாவது கையால் போட்டுப் பாருங்கள். ஒருவரின் ஹெச் 5 என்றால், குறைந்தது ஐந்து மேற்கோள் வாங்கிய கட்டுரைகள் ஐந்து இருக்கின்றன, ஆறு மேற்கோள் வாங்கியவை ஆறு இல்லை என்று பொருள். ஒருவருக்கு ஆறு கட்டுரைகள், மேற்கோள்கள் 40, 18, 9, 5, 5, 2 என்று வைத்துக்கொள்வோம். மேலிருந்து எண்ணிக்கொண்டே வாருங்கள். ஐந்தாவது கட்டுரைக்கு ஐந்து மேற்கோள் இருக்கிறது, ஆறாவதற்கு ஆறு இல்லை. ஆகவே ஹெச் 5. இப்போது அந்த 40-ஐ அழித்து 4,000 என்று எழுதுங்கள். ஹெச் அப்போதும் 5-தான். துறையையே புரட்டிப் போட்ட ஒரு கட்டுரையும் சுமாரான ஒரு கட்டுரையும் அதில் ஒரே படி. இந்தக் கணக்கை 2005-ல் கொடுத்தவர் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர். அவரும் சான் டியாகோ வளாகத்துக்காரர்தான். அந்த எண் குறையவே குறையாது என்பதையும் மனதில் வையுங்கள். எழுதுவதை நிறுத்தியவருக்கும் அது ஏறிக்கொண்டிருக்கலாம். இளையவர் ஒருவரை மூத்தவர் ஒருவரோடு இதை வைத்து ஒப்பிடுவது நியாயமே இல்லை.

எண்ணைத் திறந்து பாருங்கள்

ஸ்காலரில் ஒருவரின் பட்டியலை மேற்கோள் வரிசையில் வைத்து, முதல் பத்தை மட்டும் எடுங்கள். ஒவ்வொன்றும் எந்த வகை என்று பக்கத்தில் எழுதுங்கள்: கருவியா, தொகுப்பா, கண்டுபிடிப்பா?

கருவி என்றால் என்ன என்பதற்கு நான் எப்போதும் காட்டுவது ஓல்ட்ஃபீல்டு 1971-ல் 'நியூரோசைக்கலாஜியா' இதழில் வெளியிட்ட எடின்பரோ கைப்பழக்கக் கேள்விப் பட்டியல். எந்தக் கையால் எழுதுகிறீர்கள், எந்தக் கையால் எறிகிறீர்கள், கத்தரிக்கோல், பல் துலக்கும் பிரஷ், கரண்டி, துடைப்பத்தில் மேலே இருக்கும் கை எது, தீக்குச்சி கிழிக்கும் கை எது. அவ்வளவுதான். மொழி சம்பந்தப்பட்ட வேலை வலக்கைக்காரர் பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கம் நடப்பதால், ஸ்கேன் ஆய்வு செய்பவர்கள் 'கலந்துகொண்டவர்கள் எல்லோரும் வலக்கைக்காரர்கள்' என்று ஒரு வரி எழுதி ஓல்ட்ஃபீல்டை மேற்கோள் காட்டுவார்கள். இந்தத் துறையில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரைகளில் இதுவும் ஒன்று. அது மிகவும் பயனுள்ள வேலை, நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மேற்கோள்களில் யாரும் ஓல்ட்ஃபீல்டின் கருத்தோடு வாதாடவில்லை.

தொகுப்பு என்பது ரிவ்யூ. 1998-ல் ராமச்சந்திரனும் ஹிர்ஸ்டீனும் 'பிரெய்ன்' இதழில் இல்லாத கை, கால் உணர்வு பற்றி எழுதியது அந்த வகை. பல ஆய்வுகளை ஒரே இடத்தில் கட்டிக் கொடுப்பதால் எல்லோரும் அதைக் காட்டுவார்கள். மூலக் கட்டுரைகளுக்குப் போக வேண்டிய மேற்கோளில் ஒரு பங்கு ரிவ்யூவுக்கு வந்துவிடும்.

மூன்றாவது வகைதான் நேரம் கொடுத்துப் பார்க்க வேண்டியது.

ஒரு கட்டுரையின் பின்னாலேயே போங்கள்

1992-ல் ராமச்சந்திரனும் இன்னும் இருவரும் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரையை எடுத்துக்கொண்டோம். கையை இழந்த ஒருவரின் முகத்தில் பஞ்சுக் குச்சியால் தொட்டபோது, முகத்தில் மட்டுமல்லாமல் இல்லாத கையிலும் தொடுவது போல அவர் உணர்ந்தார். கன்னத்தில் தொட்டால் ஒரு விரல், தாடைப் பக்கம் தொட்டால் இன்னொரு விரல் என்று முகத்தின் மேலேயே ஒரு கை வரைபடம். மூளையின் தொடுவுணர்வுப் பட்டையில் கைக்கான பகுதியும் முகத்துக்கான பகுதியும் அக்கம்பக்கம். கையிலிருந்து செய்தி வராமல் போனதும் பக்கத்து முகப்பகுதி அங்கே குடியேறிவிட்டது என்பது அவர்கள் வாதம். முந்தைய வருடம்தான் பான்ஸ் குழுவினர் குரங்குகளில் இது போன்ற மாற்றத்தைக் காட்டியிருந்தார்கள்.

இதை நீங்களே தொடர்ந்து போகலாம். ஸ்காலரில் தலைப்பை மேற்கோள் குறிக்குள் அடியுங்கள். கீழே 'சைட்டட் பை' என்று எண்ணோடு ஒரு சுட்டி இருக்கும், அதை அழுத்துங்கள். அந்தக் கட்டுரையைச் சொன்ன எல்லாக் கட்டுரைகளும் வரும். மேலே 'சர்ச் வித்தின் சைட்டிங் ஆர்டிகிள்ஸ்' என்ற கட்டத்தை டிக் செய்து, 'ரெப்ளிகேஷன்' (மறுபடி செய்து பார்ப்பது), 'ஸ்டேபிள்', 'பிரிசர்வ்டு', 'நோ எவிடன்ஸ்' போன்ற சொற்களை ஒவ்வொன்றாக அடித்துப் பாருங்கள். மறுக்கிறவர்கள் அந்தச் சொற்களில்தான் பேசுவார்கள். இந்தக் கட்டத்தைப் பல பேராசிரியர்களே கவனித்திருக்க மாட்டார்கள்.

இந்த விவாதத்தின் போக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1995-ல் ஹெர்டா ஃப்ளோர் குழுவினர் 'நேச்சர்' இதழில், மூளை வரைபடம் எவ்வளவு நகர்ந்ததோ அவ்வளவு இல்லாத கையில் வலியும் இருந்தது என்று எழுதினார்கள். குடியேற்ற வாதம் வலுத்தது. 2013-ல் தமார் மேகின் குழுவினர் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் எதிர்ப்பக்கம் வந்தார்கள். கை இழந்தவர்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, இல்லாத கையை அசைக்கச் சொன்னபோது, கைக்கான பகுதி இன்னும் கை வேலையையே செய்தது, வலி அதிகம் உள்ளவர்களிடம் அது நன்றாகவே பாதுகாக்கப்பட்டிருந்தது. 2025-ல் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் இன்னொரு படி. கை எடுக்கப்படவிருந்த மூன்று பேரை, எடுப்பதற்கு முன்பும் பின்பும் ஸ்கேன் செய்து பார்த்ததில் வரைபடம் பெரிதாக மாறவில்லை.

1992 கட்டுரை வீணாகிவிட்டதா என்று மாணவி கேட்டாள். பஞ்சுக் குச்சியால் தொட்டபோது அந்த ஆள் உணர்ந்ததை யாரும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதற்கு மூளையில் என்ன காரணம் என்பதில்தான் சண்டை. முப்பது வருடமாக ஒரு துறை அந்தக் கேள்வியை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றால் கேள்வியைக் கேட்டவருக்கு அதில் பங்கு உண்டு என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு கருத்தை மறுப்பதற்கும் அதை மேற்கோள் காட்டியாக வேண்டும். ஆமாம் என்றதும் ஒன்று, இல்லை என்றதும் ஒன்று. கூட்டல் மட்டும் செய்யும் எண்ணுக்கு இந்த வேறுபாடு தெரியாது.

அதைக் கண்டுபிடிக்க நான் செய்வது: நோட்டில் நான்கு பத்தி போடுவேன். ஆதரவு, எதிர்ப்பு, கருவி, சும்மா. மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் இருபதை எடுப்பேன், பழையதில் பத்து, புதியதில் பத்து. ஒவ்வொரு பிடிஎஃப்பிலும் கன்ட்ரோல்-எஃப் போட்டு ஆசிரியர் பெயரைத் தேடி, அந்த வாக்கியத்தையும் அதற்கு முன்னும் பின்னும் ஒரு வாக்கியத்தையும் படிப்பேன். அடைப்புக்குறிக்குள் ஏழு பெயரோடு எட்டாவதாக நின்றால் அது 'சும்மா'. அந்தப் பத்திதான் எப்போதும் சீக்கிரம் நிறையும்.

கண்ணாடியின் கதை

அவருடைய இன்னொரு வேலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபோது, வீட்டுக்கு வந்த பிசியோதெரபிஸ்ட் தம்பி மேஜை மேல் ஒரு கண்ணாடியை நிமிர்த்தி வைத்தார். நல்ல கை கண்ணாடிக்கு முன்னால், வராத கை பின்னால். "கண்ணாடியைப் பார்த்துக்கிட்டே விரலை விரிங்கய்யா" என்றார். அப்பாவுக்கு இரண்டு கையும் விரிவதாகத் தெரிந்தது. அன்று இரவே நான் நூலகக் கணக்கில் நுழைந்து இது எங்கிருந்து வந்தது என்று பின்னோக்கித் தேடினேன்.

1996-ல் ராமச்சந்திரனும் டயான் ரோஜர்ஸ்-ராமச்சந்திரனும் ராயல் சொசைட்டியின் இதழில் எழுதிய கட்டுரைக்குப் போய் நின்றது. கை இழந்த பத்து பேர், நடுவில் செங்குத்தாக ஒரு கண்ணாடி. ஆறு பேருக்கு நல்ல கையை அசைத்தபோது இல்லாத கையும் அசைவதாக உணர்வு வந்தது. இல்லாத கை இறுக மூடிக்கொண்டு வலித்த ஐந்து பேரில் நான்கு பேருக்குக் கண்ணாடியைப் பார்த்துத் திறந்ததும் இறுக்கம் விட்டது. 1999-ல் 'லான்செட்' இதழில் அதே யோசனையைப் பக்கவாதத்துக்குக் கொண்டுபோனார்கள். 2007-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில், அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் கால் இழந்தவர்களிடம் நடந்த சோதனை வந்தது. முடித்தவர்கள் 18 பேர். கண்ணாடி, மூடிய கண்ணாடி, மனக்கற்பனை என்று மூன்று குழு, குழுவுக்கு ஆறு பேர். கண்ணாடிக் குழுவில் ஆறு பேருக்கும் வலி குறைந்தது. ஆனால் 2008-ல் 'பெயின்' இதழில் மோஸ்லியும் மற்றவர்களும், இந்தச் சிகிச்சையை இவ்வளவு புகழும் அளவுக்கு ஆதாரம் இருக்கிறதா என்று தலைப்பிலேயே கேட்டார்கள். பக்கவாதத்துக்கான கண்ணாடிச் சிகிச்சை பற்றி 2018-ல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு 62 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, கை கால் இயக்கத்தில் முன்னேற்றம் தெரிகிறது, ஆதாரம் நடுத்தரமானது என்று எழுதியது.

அப்பாவின் ஆள்காட்டி விரல் ஏழாவது வாரம் கொஞ்சம் நிமிர்ந்தது. கண்ணாடியாலா, நாட்கள் போனதாலா என்று ஒரு ஆளை வைத்துச் சொல்ல முடியாது. ஒப்பிட்டுப் பார்க்க மூடிய கண்ணாடியோடு ஒரு குழு எதற்கு என்பது எனக்கு அன்றைக்குத்தான் உள்ளபடியே புரிந்தது. அதனால்தான் மாணவர்களிடம் இதைச் சொல்கிறேன்: ஒரு கட்டுரையின் தாக்கத்தைப் பார்க்க வேண்டுமானால் ஜர்னலை விட்டு வெளியே அது போன இடத்தையும் பாருங்கள். மருத்துவ வழிகாட்டிகள், காக்ரேன் தொகுப்புகள், சிகிச்சை அறைகள்.

எத்தனை பேரை வைத்துச் சொன்னார்கள்?

மூளை ஆய்வுகளில் இதைப் பார்க்காமல் நகரக் கூடாது. 2013-ல் பட்டன் குழுவினர் நரம்பியல் தொகுப்பாய்வுகளை அலசி, ஆய்வுகளின் புள்ளியியல் வலு நடுமதிப்பில் 21 சதவீதம்தான் என்று காட்டினார்கள். உண்மையாகவே ஒரு விளைவு இருந்தாலும், ஐந்தில் நான்கு முறை அது கண்ணில் படாது என்று பொருள். அதற்காகச் சின்ன ஆய்வெல்லாம் மோசம் என்று ஆகாது. நான்சி கான்விஷர் குழு 1997-ல் முகங்களைப் பார்க்கும்போது தனியாகத் தூண்டப்படும் மூளைப் பகுதியைக் காட்டியது 15 பேரை வைத்துத்தான். அதில் 12 பேரிடம், ஆள் ஆளாக அதைக் காட்டினார்கள். பிறகு எத்தனையோ ஆய்வகங்களில் அது மறுபடி மறுபடி வந்தது. சின்னக் குழு, சராசரியில் மட்டும் தெரியும் சின்ன வித்தியாசம், வேறு ஆய்வகத்தில் வரவில்லை என்ற மூன்றும் சேர்ந்தால் மட்டும் எச்சரிக்கையாக இருங்கள்.

பெயர் வரிசையையும் பாருங்கள். இந்தத் துறையில் வேலை செய்தவர் முதலில், ஆய்வகத் தலைவர் கடைசியில். பேராசிரியரின் கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று எண்ணுங்கள். மாணவர்கள் முதலில் இருந்தால் அங்கே வேலைக்குப் பெயர் கிடைக்கிறது. எல்லாவற்றிலும் நடுவில் இருபது பேரோடு ஒருவராகப் பேராசிரியர் நின்றால், அந்த எண் பெரும்பாலும் கூட்டு முயற்சிகளின் எண்.

கல்லூரி வாசலில் 'உலகின் தலைசிறந்த 2 சதவீத விஞ்ஞானி' என்று ஃபிளெக்ஸ் பார்த்திருப்பீர்கள். அது ஸ்கோப்பஸ் தரவிலிருந்து ஜான் அயோனிடிஸ் குழு தயாரிக்கும் பட்டியல். முழு வாழ்நாளுக்கு ஒன்று, ஒரு வருடத்துக்கு ஒன்று என இரண்டு உண்டு. தன் கட்டுரையைத் தானே காட்டியதை நீக்கிய கணக்கும் அதிலேயே தனிப் பத்தியில் இருக்கிறது. அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள்.

மாலை ஐந்தரைக்கு மாணவியின் தாளில் வரிசை மாறியிருந்தது. நான்காவதாக இருந்தவர் மேலே வந்தார். அவருடைய கடைசி பதினொரு கட்டுரைகளில் எட்டில் முதல் பெயர் மாணவர்களுடையது. ஒரு கட்டுரையில் தன் பழைய முடிவு இரண்டாம் முறை வரவில்லை என்று அவரே எழுதியிருந்தார். கடிதத்தை அந்தக் கட்டுரையைப் பற்றிய ஒரு கேள்வியோடு தொடங்கச் சொன்னேன். எண்களைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம், அவருக்கே அது தெரியும்.

அனுப்புவதற்கு முன் கடைசியாக ஒன்று செய்தோம், நீங்களும் செய்யுங்கள். கடிதத்தில் நீங்கள் குறிப்பிடும் ஒவ்வொரு கட்டுரையையும் அன்றைக்கே பப்மெட்டில் திறந்து, தலைப்புக்கு மேல் 'ரிட்ராக்டட்' (திரும்பப் பெறப்பட்டது) என்று இருக்கிறதா என்று பாருங்கள். அல்சைமர் நோய் பற்றி 2006-ல் 'நேச்சர்' இதழில் வந்த ஒரு எலி ஆய்வு 2,000-க்கும் மேற்பட்ட மேற்கோள்களோடு நின்றது, 2024-ல்தான் படங்களில் நடந்த மாற்றங்களுக்காகத் திரும்பப் பெறப்பட்டது. அவள் குறிப்பிட்டிருந்த மூன்றும் சுத்தமாக இருந்தன. அதன் பிறகுதான் அனுப்பு பொத்தானை அழுத்தினாள்.